சாக்லேட்டில் இருப்பது வேறு, ரத்தத்தில் ஓடுவது வேறு: கோக்கோச் சத்து உடம்பில் சேரும் விதம்

டார்க் சாக்லேட் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். கோக்கோவில் ஆண்டிஆக்ஸிடன்ட் கொட்டிக் கிடக்கிறது, தினமும் இரண்டு துண்டு சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லது என்பார்கள் சிலர். அதெல்லாம் சும்மா, அந்தச் சத்து எதுவுமே ரத்தத்தில் சேராது, வந்த வழியே வெளியே போய்விடும் என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்புமே நடுவில் இருக்கிற முக்கியமான கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது: கோக்கோவில் உள்ள பொருட்கள் வாயில் விழுந்ததிலிருந்து சிறுநீரில் வெளியேறும் வரை என்னவாகின்றன? இதற்கு இப்போது ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதில் இந்த இரண்டு தரப்புக்கும் சாதகமாக இல்லை. சேருகிறது, நிறையவே சேருகிறது. ஆனால் கோக்கோவில் எந்த உருவில் இருந்ததோ அந்த உருவில் கிட்டத்தட்ட எதுவும் சேருவதில்லை.

முதலில் எந்தப் பொருட்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். உலர்ந்த கோக்கோ விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, அதைத்தான் கோக்கோ வெண்ணெய் என்கிறோம். மீதியில் கணிசமான பங்கு பாலிஃபீனால் எனப்படும் கசப்பும் துவர்ப்பும் கொண்ட தாவரப் பொருட்கள். அவற்றில் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் துரத்துகிற குடும்பம் ஃபிளவனால். எபிகேட்டச்சின், கேட்டச்சின் என்ற இரண்டு சிறிய மூலக்கூறுகள்தான் இந்தக் குடும்பத்தின் அடிப்படை. இவையே இரண்டு, மூன்று, நான்கு என்று கைகோத்து, பத்துக்கு மேலும் நீண்டு சங்கிலியாக நின்றால் அதற்குப் பெயர் புரோசயனிடின். நாக்கை இழுத்துப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பு பெரும்பாலும் இந்தச் சங்கிலிகளின் வேலைதான். இவை போக தியோப்ரோமினும் கொஞ்சம் காஃபினும் உண்டு, அவை உடம்பில் சேரும் வழி முற்றிலும் வேறு என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

உடம்புக்குள் போவதற்கு முன்பே இந்தப் பொருட்கள் பெரிய அடி வாங்கிவிடுகின்றன, இதைச் சொல்லாமல் உறிஞ்சுதல் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. பறித்த பழத்தின் விதைகளை அவற்றின் சதையோடு சேர்த்து ஐந்து முதல் ஏழு நாள் வரை புளிக்க வைப்பார்கள். குவியலின் சூடு 45, 50 டிகிரி வரை ஏறும், அசிட்டிக் அமிலம் உள்ளே இறங்கி விதை செத்துப்போகும், செல்களின் சுவர் உடையும், அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த ஃபிளவனாலும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதியும் ஒன்றோடொன்று கலந்து, ஃபிளவனாலில் பெரும்பகுதி பழுப்பு நிறப் பொருளாக மாறிவிடும். சாக்லேட்டின் மணத்துக்கு இந்தக் கட்டம் தேவை, கசப்பு குறைவதும் இங்கேதான். அப்புறம் உலர்த்துதல், வறுத்தல். அதற்கும் பிறகு, பல கோக்கோத் தூள்களில், பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப்பொருளை (அமிலத்துக்கு எதிரான அல்கலி, மிளகாய்க் காரம் இல்லை) சேர்த்து அடர்ந்த நிறமும் மென்மையான சுவையும் கொண்டுவருவார்கள். 1828இல் கோக்கோக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்திடமிருந்தே இந்த முறையும் வந்தது, அதனால்தான் இதை இன்றும் டச்சு முறை என்கிறார்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வு சந்தையில் கிடைக்கும் கோக்கோத் தூள்களை அளந்து பார்த்தது. காரம் சேர்க்காத தூளில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால். லேசாகக் காரம் சேர்த்ததில் 13.8, நடுத்தரமாகச் சேர்த்ததில் 7.8, அதிகமாகச் சேர்த்ததில் 3.9. ஒரே பெயரில் விற்கும் பொருளில் இவ்வளவு வித்தியாசம்.

அளவு குறைவதோடு இது நிற்பதில்லை, மூலக்கூறின் வடிவமும் மாறுகிறது. எபிகேட்டச்சினும் கேட்டச்சினும் ஒரே அணுக்களால் ஆனவை, அணுக்கள் முப்பரிமாணத்தில் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்பதில்தான் வேறுபாடு. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்கள் உண்டு, அவற்றை பிளஸ், மைனஸ் என்று பிரித்துச் சொல்வார்கள். மரத்தில் விளையும் கோக்கோவில் மைனஸ் எபிகேட்டச்சின்தான் அதிகம். சூடும் காரமும் படும்போது அதில் ஒரு பகுதி திரும்பி மைனஸ் கேட்டச்சின் ஆகிவிடுகிறது. கடையில் வாங்கும் சாக்லேட்டில் இருக்கும் கேட்டச்சினில் பெரும்பங்கு இப்படிப் பதப்படுத்தலில் பிறந்ததுதான். காகிதத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே வாய்பாடு, சாதாரணச் சோதனையில் இரண்டும் ஒரே மாதிரிதான் வினைபுரியும். ஆனால் மனிதக் குடலுக்கு வித்தியாசம் தெரிகிறது. இந்த வகைகளைத் தனித்தனியாக மனிதர்களுக்குக் கொடுத்து 2011இல் ஒப்பிட்டார்கள். நன்றாகச் சேர்ந்தது மைனஸ் எபிகேட்டச்சின், மிகக் குறைவாகச் சேர்ந்தது மைனஸ் கேட்டச்சின். ஆக, பதப்படுத்தும்போது அளவும் குறைகிறது, மிஞ்சியதில் ஒரு பகுதி உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாத வடிவத்துக்கும் போய்விடுகிறது. மொத்த ஃபிளவனால் இவ்வளவு என்று ஒற்றை எண்ணை மட்டும் அச்சிடும் பாக்கெட் இதைக் காட்டாது.

சரி, விழுங்கியாயிற்று. இரைப்பையில் என்ன நடக்கிறது? சோதனைக்குழாயில் கிடைத்த முடிவை மனித உடம்பின் மேல் ஏற்றிப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2000ஆம் ஆண்டில், இரைப்பை அமிலம் போன்ற ஒரு கரைசலில் கோக்கோப் புரோசயனிடின்களை வைத்துப் பார்த்தார்கள், நீண்ட சங்கிலிகள் உடைந்து சின்னச் சின்னத் துண்டுகளாகின. அப்படியானால் பெரிய சங்கிலிகள் எல்லாம் வயிற்றிலேயே எபிகேட்டச்சினாக உடைந்து நன்றாகச் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியது. இரண்டே ஆண்டில், 2002இல், வேறொரு குழு கோக்கோ பானம் குடித்தவர்களின் இரைப்பைக்குள் குழாய் செருகி, சிறிது நேர இடைவெளியில் உள்ளிருப்பதை எடுத்து எடுத்துச் சோதித்தது. சங்கிலிகள் உடையவே இல்லை. காரணம் எளிமையானது: பானம் உள்ளே போனதும் இரைப்பையின் அமிலத்தன்மை வெகுவாகத் தணிந்துவிட்டது, அமிலம் மறுபடி ஏறுவதற்குள் பானம் குடலுக்கு நகர்ந்துவிட்டது. வெறும் அமிலத்தில் மணிக்கணக்கில் ஊறும் நிலை உண்மையான வயிற்றில் வருவதில்லை.

சிறுகுடலில்தான் முதல் பெரிய திருப்பம். எபிகேட்டச்சின் போன்ற தனி மூலக்கூறுகள் சிறியவை, குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்துவிடும். சங்கிலிகளால் முடிவதில்லை, இரண்டு மூலக்கூறு சேர்ந்த சிறிய சங்கிலிகூட ரத்தத்தில் மிகச் சொற்ப அளவில்தான் தென்படுகிறது, அதைவிட நீண்டவை அப்படியே கீழே இறங்கிவிடுகின்றன. உள்ளே நுழைந்த எபிகேட்டச்சினுக்கும் நேர்வழி கிடையாது. குடல் செல்லுக்குள்ளேயே நொதிகள் காத்திருக்கின்றன. ஒரு வகை நொதி அதனோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டும், இன்னொரு வகை சல்ஃபேட்டை ஒட்டும், மூன்றாவது வகை மெத்தில் என்ற சின்ன அணுக்கூட்டத்தை ஒட்டும். இப்படி ஒட்டு வாங்கியவற்றில் ஒரு பகுதியைக் குடல் செல்லே வெளியே பம்ப் செய்து திரும்பக் குடலுக்குள் தள்ளிவிடுகிறது. மீதி கல்லீரலுக்குப் போகிறது, அங்கேயும் இதே வேலை தொடர்கிறது. உடம்பு இதை வெளியிலிருந்து வந்த அந்நியப் பொருளாகப் பார்க்கிறது, தண்ணீரில் நன்றாகக் கரையும்படி மாற்றிச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றத் தயார் செய்கிறது, நாம் விழுங்கும் பல மருந்துகளுக்கு நடப்பதும் இதுதான்.

கோக்கோ பானம் குடித்து ஒன்று, இரண்டு மணி நேரத்தில் இந்த முதல் அலை ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் எபிகேட்டச்சின் குளுக்குரோனைடு, எபிகேட்டச்சின் சல்ஃபேட், மெத்திலும் சல்ஃபேட்டும் சேர்ந்த எபிகேட்டச்சின் என்று பல உருவங்கள் இருக்கும். மாறாத எபிகேட்டச்சின் மட்டும் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. திடமான சாக்லேட்டாகச் சாப்பிட்டால் இந்த உச்சம் கொஞ்சம் தாமதமாகும், பானமாகக் குடித்தால் சீக்கிரம் வரும். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்தப் பொருட்கள் ரத்தத்தில் சேர்வதே இல்லை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான் புரிகிறது. ரத்தத்தில் எபிகேட்டச்சினைத் தேடினார்கள், அது இல்லை. ஒட்டியிருப்பதை நொதி கொண்டு கழற்றிவிட்டு அளந்தும் பார்த்தார்கள், ஆனால் எல்லா ஒட்டும் அந்த நொதிகளுக்கு ஒழுங்காகக் கழலவில்லை, குறிப்பாகச் சல்ஃபேட் ஒட்டுகள். பல ஆண்டுகளுக்கு அளவீடுகள் உண்மையைவிடக் குறைவாகவே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு உருவத்தையும் ஆய்வகத்தில் தனியாகத் தயாரித்து, அதை அளவுகோலாக வைத்து நேரடியாக அளக்கும் வசதி வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

கேள்விக்குச் சரியான பதில் வேண்டுமென்றால் ஒரே வழிதான்: மூலக்கூறிலேயே ஓர் அடையாளத்தைப் பதித்து அனுப்பி, அது எந்த உருவம் எடுத்தாலும் பின்தொடர வேண்டும். 2016இல் வெளியான ஆய்வில் ஹாவியேர் ஓட்டாவியானியும் அவரோடு இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். கதிரியக்கக் கார்பன் 14 பதித்த 60 மில்லிகிராம் எபிகேட்டச்சினை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து, அவர்களின் ரத்தம், சிறுநீர், மலம் மூன்றையும் சேகரித்து, அந்தக் கார்பன் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தார்கள். எந்த வேடத்தில் இருந்தாலும் கார்பன் காட்டிக்கொடுத்துவிடும். கொடுத்ததில் சுமார் 82% உடம்புக்குள் சேர்ந்திருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட உருவங்களில் அது இருந்தது. அவற்றில் பெரும்பங்கு சிறுகுடலில் சேர்ந்தது கிடையாது, பெருங்குடலில் பாக்டீரியாக்கள் உடைத்துக் கொடுத்தது. எட்டே பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், எல்லாரும் ஆண்கள் என்பதும் குறைதான், ஆனாலும் இந்த முறையின் வலிமைக்காக நான் இதைத்தான் இந்தத் துறையின் மிக முக்கியமான ஆய்வாகச் சொல்வேன். அதுவரை கழிவாகப் போய்விட்டதாகக் கணக்கெழுதிய பெரும்பகுதி, பெயர் மாறி உள்ளேதான் இருந்தது.

அந்தப் பாக்டீரியாக்களின் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுகுடலில் சேராத எபிகேட்டச்சின், குடல் செல் திருப்பித் தள்ளிய ஒட்டு போட்ட உருவங்கள், உள்ளே நுழையவே முடியாத நீண்ட சங்கிலிகள் எல்லாம் பெருங்குடலுக்கு வந்து சேருகின்றன. எபிகேட்டச்சின் மூன்று வளையங்கள் கொண்ட மூலக்கூறு. எகர்த்தெல்லா லெண்டா, ஆட்லர்கிரோய்ட்சியா போன்ற பாக்டீரியாக்கள் நடு வளையத்தைப் பிளந்துவிடுகின்றன. ஃபிளாவோனிஃப்ராக்டர் பிளாட்டி போன்ற வேறு பாக்டீரியாக்கள் அடுத்த வளையத்தைச் சிதைத்து வேலரோலாக்டோன் என்ற சிறிய பொருளாக ஆக்குகின்றன. ஒரே இனம் முழு வேலையையும் செய்வதில்லை, ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று தொடங்குகிறது. வேலரோலாக்டோன் பெருங்குடல் சுவர் வழியாகச் சுலபமாகச் சேர்ந்து, மறுபடியும் குளுக்குரோனைடும் சல்ஃபேட்டும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது. இந்த இரண்டாவது அலை உச்சம் தொட ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. காலையில் குடித்த கோக்கோவின் பெரிய பங்கு மத்தியானத்துக்கு மேல்தான் ரத்தத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சையில் பெருங்குடலின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, சிறுகுடலின் முனையிலேயே திறப்பு வைத்திருப்பவர்களிடம் செய்த ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்தின. முதல் அலை அவர்களுக்கும் வருகிறது, இந்த இரண்டாவது அலை வருவதில்லை.

நீண்ட சங்கிலிகளுக்கு என்ன ஆகிறது? அவற்றிலிருந்தும் பாக்டீரியாக்கள் கொஞ்சம் வேலரோலாக்டோன் எடுக்கின்றன, இன்னும் சிறிய ஃபீனாலிக் அமிலங்களும் வருகின்றன. ஆனால் ரத்தத்தில் சுற்றும் எபிகேட்டச்சின் உருவங்களுக்கு இந்தச் சங்கிலிகளின் பங்களிப்பு ஒன்றுமில்லை என்று 2012இல் மனிதர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. கோக்கோ ஃபிளவனாலின் எடையில் பெரும்பங்கு சங்கிலிகள்தான் என்பதால் இது சிறிய செய்தி கிடையாது. இன்னொரு பக்கம், சங்கிலிகள் பாக்டீரியாக்களையும் மாற்றக்கூடும். 22 பேருக்கு நான்கு வாரம் ஃபிளவனால் மிகுந்த கோக்கோ பானம் கொடுத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் குடலுக்கு நல்லவை என்று கருதப்படும் பிஃபிடோபாக்டீரியாவும் லாக்டோபேசிலசும் கூடியிருந்தன. யார் குடலில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், அதனால் ஒரே அளவு கோக்கோ குடித்த இரண்டு பேரின் சிறுநீரில் வெளிவரும் வேலரோலாக்டோனின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை.

எலிச் சோதனைகளைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். எபிகேட்டச்சினோடு மனித உடம்பு ஒட்டுகிற ஒட்டுகளும் எலி உடம்பு ஒட்டுகிறவையும் வேறு வேறு. எலியின் ரத்தத்தில் சுற்றுவது நம் ரத்தத்தில் சுற்றுவதே இல்லாத பொருளாகக்கூட இருக்கலாம். தட்டில் வளர்த்த செல்களின் மேல் சுத்தமான எபிகேட்டச்சினை ஊற்றிச் செய்யும் சோதனைகளுக்கும் இதே சிக்கல்தான், அந்தச் செல் நம் உடம்பில் இருந்திருந்தால் அந்தப் பொருளைச் சந்தித்தே இருக்காது. செய்தியாக வருகிற கோக்கோ அதிசயங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும் என்பது என் கருத்து: சோதித்தது கோக்கோவில் இருக்கும் பொருளையா, ரத்தத்தில் ஓடும் பொருளையா?

ஆண்டிஆக்ஸிடன்ட் கதையும் இங்கேதான் உடைகிறது. கோக்கோ குடித்த பிறகு ரத்தத்தில் வரும் இந்த உருவங்களின் செறிவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் மிகச் சிறிய அலகு) அளவை எட்டுவதே பெரிது, ஓரிரு மணி நேரத்தில் இறங்கியும் விடும். அதே ரத்தத்தில் வைட்டமின் சி பல பத்து மைக்ரோமோலாரும், யூரிக் அமிலம் சில நூறு மைக்ரோமோலாரும் எந்நேரமும் இருக்கின்றன. போதாததற்கு, ஒட்டு போட்ட உருவங்கள் மூல எபிகேட்டச்சின் அளவுக்கு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பதும் இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு காலத்தில் உணவுப் பொருட்களின் ஆண்டிஆக்ஸிடன்ட் திறனைப் பட்டியல் போட்டு வைத்திருந்தது. சோதனைக்குழாய் எண்ணுக்கும் உடம்பில் கிடைக்கும் பலனுக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, விளம்பரக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லி 2012இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. இன்னமும் அந்த எண்களை வைத்து வியாபாரம் நடக்கிறது என்பது எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

அப்படியென்றால் கோக்கோ ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது, வேறு வழியில். ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது. ஃபிளவனால் மிகுந்த கோக்கோவைக் குடித்தபின் கைத் தமனி விரிவது கூடுகிறது, அந்த விரிவு ரத்தத்தில் முதல் அலை உச்சம் தொடும் அதே நேரத்தில் வருகிறது. ஹாகன் ஷ்ரோட்டர் குழு 2006இல் சுத்தமான எபிகேட்டச்சினை மட்டும் மனிதர்களுக்குக் கொடுத்தபோதும் இதே விளைவு கிடைத்தது. சிறிய செறிவு போதும் என்பதற்குக் காரணம், இது ஆக்ஸிஜனேற்றத்தோடு நேரடியாக மோதும் வேலை இல்லை, செல்களுக்குக் கட்டளை கொடுக்கும் வேலை. ஹார்மோன்கள் இதைவிடக் குறைந்த செறிவிலேயே வேலை செய்கின்றன.

இப்போது தியோப்ரோமினும் காஃபினும். இவற்றுக்கு மேலே சொன்ன எந்தச் சிக்கலும் இல்லை. சிறியவை, செல் சவ்வுகளைச் சுலபமாகக் கடப்பவை, உருமாறாமல் அப்படியே ரத்தத்தில் சேருகின்றன. காஃபின் முக்கால் மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். தியோப்ரோமின் மெதுவானது, இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும், பாதியாகக் குறையவும் ஏழு முதல் பத்து மணி நேரம் ஆகும். நாய்களின் உடம்பு இதை வெளியேற்ற இன்னும் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் சாக்லேட் நாய்களுக்கு விஷமாகிறது, தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த இரண்டும் ஃபிளவனாலுக்குத் துணையாகவும் இருக்கின்றன. 2017இல் வந்த ஓர் ஆய்வில், கோக்கோ ஃபிளவனாலைத் தனியாகக் கொடுத்ததைவிடத் தியோப்ரோமினும் காஃபினும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் எபிகேட்டச்சின் உருவங்களும் கூடின, ரத்தக் குழாய் விரிவும் கூடியது. ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாருக்கும் ஆர்வம். பாலில் தொடங்குகிறேன். 2003இல் ஓர் இத்தாலியக் குழு 12 பேருக்கு ஒரு முறை 100 கிராம் டார்க் சாக்லேட், ஒரு முறை அதோடு 200 மில்லி பால், ஒரு முறை 200 கிராம் மில்க் சாக்லேட் என்று கொடுத்துப் பார்த்து, பால் சேர்ந்தால் எபிகேட்டச்சின் சேர்வது குறைகிறது என்று வெளியிட்டது. உலகம் முழுக்கச் செய்தியானது. பால் புரதம் ஃபிளவனாலைப் பிடித்துக்கொள்கிறது என்ற விளக்கமும் கூடவே பரவியது. பின்னால் வேறு குழுக்கள் கோக்கோத் தூளைப் பாலிலும் தண்ணீரிலும் கலந்து கொடுத்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஃபிளவனால் குறைவான பானமாக இருந்தால் மட்டும் சிறுநீரில் கொஞ்சம் குறைவு தெரிந்தது. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் பாலின் பாதிப்பு சின்னதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மில்க் சாக்லேட்டின் உண்மையான பிரச்சினை, அதில் கோக்கோவே குறைவு என்பது. மாவுச்சத்தும் சர்க்கரையும் எதிர்ப்பக்கம் வேலை செய்கின்றன. ரொட்டியோடு கோக்கோ கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த ஃபிளவனால் ஏறத்தாழ 40% கூடியது. இதற்காகச் சர்க்கரை கொட்டிக் குடிக்க வேண்டாம், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தாலே போதும்.

எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது வாழைப்பழம். புளிக்க வைக்கும்போது ஃபிளவனாலை அழித்த பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் நினைவிருக்கிறதா? நறுக்கிய வாழைப்பழம் பழுப்பாவதும் அதே வகை நொதியால்தான். 2023இல் வெளியான ஆய்வில், ஃபிளவனாலை வாழைப்பழ ஸ்மூதியோடு குடித்தபோது ரத்தத்தில் வந்த உச்ச அளவு, கேப்ஸ்யூலாக விழுங்கியபோது வந்ததைவிட 84% குறைவு. பெர்ரிப் பழ ஸ்மூதியில் அந்த நொதி குறைவு, அதில் இந்தச் சரிவு இல்லை. முன்கூட்டிக் கலக்காமல், குடிக்கும்போது மட்டும் வயிற்றில் சந்திக்கும்படி கொடுத்தும் பார்த்தார்கள், அப்போதும் குறைந்தது. நொதி வயிற்றுக்குள்ளும் வேலையைத் தொடர்கிறது என்றுதான் அர்த்தம். வாழைப்பழம் நல்ல உணவு, கோக்கோவும் நல்ல உணவு, இரண்டையும் ஒரே டம்ளரில் அரைத்தால் ஃபிளவனால் நோக்கம் மட்டும் நிறைவேறாது.

கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு: 70%, 85% என்று போட்டிருப்பது கோக்கோப் பொருட்களின் மொத்த எடை. கொழுப்பும் அதில் அடக்கம். ஃபிளவனால் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. காரம் சேர்த்த கோக்கோவால் செய்த 85% சாக்லேட்டில், நன்றாகச் செய்த 60% சாக்லேட்டைவிடக் குறைவான ஃபிளவனால் இருக்கலாம். கறுப்பாக இருந்தால் சத்து அதிகம் என்ற எண்ணமும் தப்பு, அந்தக் கறுப்பே பெரும்பாலும் காரத்தால் வருவது. பொருட்களின் பட்டியலில் காரம் சேர்த்ததா என்று பாருங்கள், சேர்க்காத தூள் வெளிர் பழுப்பாகவும் புளிப்பும் கசப்பும் தூக்கலாகவும் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல், தினம் 200 மில்லிகிராம் கோக்கோ ஃபிளவனால் ரத்தக் குழாய்களின் நெகிழ்வைப் பேண உதவுகிறது என்று ஏற்றுக்கொண்டது. ஃபிளவனால் மிகுந்த தூள் என்றால் 2.5 கிராமிலேயே அந்த அளவு கிடைக்கும், சாதாரணத் தூளில் எவ்வளவு வேண்டும் என்பதை மேலே சொன்ன நான்கு எண்களை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல், 4 சதவீதமாவது ஃபிளவனால் இருக்கும் தூளுக்கு மட்டும், சான்று மிகக் குறைவு என்ற வாசகத்தோடு இதயம் பற்றிப் பேச அனுமதித்தது. சாதாரணச் சாக்லேட்டுக்கு அந்த அனுமதி இல்லை.

பெரிய அளவில் சோதித்தது காஸ்மாஸ் ஆய்வு. அமெரிக்காவில் 21,442 முதியவர்கள், அவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோக்கோ ஃபிளவனால், அதில் 80 மில்லிகிராம் எபிகேட்டச்சின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, மூன்றரை ஆண்டுக்கும் மேல். 2022இல் முடிவு வந்தது. இதய நோய் நிகழ்வுகள் மொத்தமாக 10% குறைந்தன, ஆனால் அது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். இதய நோயால் ஏற்பட்ட மரணம் 27% குறைந்திருந்தது, அது ஆய்வின் முதன்மைக் கேள்வியாக இருக்கவில்லை. ஆகவே நம்பிக்கை தரும் செய்தி, தீர்ப்பு இல்லை. இந்த ஆய்வுக்கும் ஓட்டாவியானியின் ஆய்வு உட்பட இத்துறையின் பல முக்கிய வேலைகளுக்கும் பின்னால் சாக்லேட் விற்கும் மார்ஸ் நிறுவனத்தின் பணமோ ஆட்களோ இருக்கிறார்கள். அளவீடுகள் நேர்த்தியானவை என்பதே என் எண்ணம், ஆனாலும் வாசகருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இதே ஆய்வின் ஒரு கிளை 2023இல் நினைவாற்றலைப் பார்த்தது. யார் ஏற்கெனவே போதுமான ஃபிளவனால் சாப்பிடுகிறார்கள் என்பதை அறிய, பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரிடம் சிறுநீரில் இருந்த வேலரோலாக்டோனை அளந்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதும் பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் பதப்படுத்தலில் போனது, வாழைப்பழத்தில் போனது, சேராமல் போனது எல்லாம் கழிந்த பிறகான கணக்கு இது. குறைவாக இருந்தவர்களுக்கே பலன் தெரிந்தது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, ரத்தசோகை இருப்பவர்களுக்கு. உள்ளே சேராமல் குடலிலேயே நிற்கும் அந்தப் பாலிஃபீனால்கள் சும்மா இருப்பதில்லை, தாவர உணவிலிருந்து வரும் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. 1999இல் வெளியான ஆய்வில், ரொட்டி உணவோடு கோக்கோ குடித்தபோது இரும்பு சேர்வது சுமார் 70% குறைந்தது, டீயின் பாதிப்பும் ஏறத்தாழ இதே வகைதான். இரும்பு மாத்திரை எடுப்பவர்களும், இறைச்சி சாப்பிடாமல் கீரையையும் பருப்பையும் நம்பி இருப்பவர்களும், கர்ப்பிணிகளும் கோக்கோவை விட வேண்டியதில்லை. மாத்திரைக்கும் முக்கிய உணவுக்கும் ஓரிரண்டு மணி நேரம் தள்ளி, சிறு தின்பண்டத்தோடு குடித்தால் போதும்.